மீட்டரை எங்கே மாட்டினார்கள்?

2022 டிசம்பர் மத்தியில் ஒரு நாள் காலை, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா ஒரு செய்தியை ஃபார்வர்டு செய்திருந்தார். அமெரிக்காவில் செயற்கைச் சூரியனை உருவாக்கிவிட்டார்களாம், போட்டதைவிட அதிக ஆற்றல் திரும்பி வந்துவிட்டதாம், இனி உலகத்தில் கரண்ட் பஞ்சமே கிடையாதாம். அதற்குக் கீழே மாமாவின் சொந்தக் கேள்வி: "அப்போ நம்ம வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிய இப்போ மாத்த வேண்டாமாப்பா?"

வாட்ஸ்அப் செய்திகளில் அபூர்வமாக, இதில் நடந்ததாகச் சொன்னது பொய் இல்லை. கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் டிசம்பர் 5 அன்று நிஜமாகவே அது நடந்தது, அதற்குப் பெயர் அணு இணைவு. 192 லேசர் கற்றைகளை ஒரு தங்கக் குழலுக்குள் பாய்ச்சினார்கள், குழலுக்குள்ளே கடுகைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு எரிபொருள் உருண்டை, லேசர் கொண்டுபோய்க் கொடுத்தது 2.05 மெகாஜூல், உருண்டையிலிருந்து வெளிவந்தது 3.15 மெகாஜூல். ஒன்றரை மடங்கு லாபம். எழுபது வருடமாக யாரும் ஆய்வகத்தில் செய்யாததைச் செய்துவிட்டார்கள், கைதட்ட வேண்டியதுதான்.

மெகாஜூல் என்றால் நமக்கு ஒன்றும் தோன்றாது, அதனால் ஈபி பில் கணக்குக்கு வருவோம். ஒரு யூனிட் என்பது 3.6 மெகாஜூல். அதாவது அன்று உலகமே கொண்டாடியது ஒரு யூனிட்டுக்கும் குறைவான ஆற்றலை, அதுவும் மின்சாரமாக இல்லை, வெறும் வெப்பமாக. ஒரு பெரிய பக்கெட் தண்ணீரைக் குளிக்கிற சூட்டுக்கு மேல் கொஞ்சம் காய்ச்சலாம். சரி, சின்னதாக இருந்தால் என்ன, லாபம் லாபம்தானே என்று கேட்பீர்கள். இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த 2.05 மெகாஜூல் லேசர் ஒளியை உண்டாக்க, சுவரிலிருந்து அவர்கள் உறிஞ்சிய மின்சாரம் சுமார் 300 மெகாஜூல். யூனிட்டில் சொன்னால் 83 யூனிட் போட்டு 0.9 யூனிட் எடுத்தார்கள்.

இரண்டு கணக்குமே சரிதான். மீட்டரை எங்கே மாட்டினோம் என்பதில்தான் வித்தியாசம். உருண்டையின் வாசலில் மாட்டினால் ஒன்றரை மடங்கு லாபம், கட்டடத்தின் வாசலில் மாட்டினால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நஷ்டம். இந்தத் துறையைப் பற்றிச் சந்தேகப்படுகிறவர்கள் எல்லாரும் அறிவியலை மறுக்கிறவர்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், அவர்களில் பலர் இந்த மீட்டரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கட்டுரையும் அதைப் பற்றித்தான்.

முதலில் அடிப்படையை வேகமாகப் பார்த்துவிடுவோம். கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் நடப்பது பிளவு: யுரேனியம் மாதிரி கனமான அணுக்கரு உடைந்து ஆற்றல் தருகிறது. இணைவு, அதாவது ஃப்யூஷன், அதற்கு நேர்மாறு: லேசான இரண்டு அணுக்கருக்கள் ஒட்டிக்கொண்டு ஆற்றல் தருகின்றன. ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலும் பயன்படுத்தும் ஜோடி டியூட்டீரியமும் ட்ரிட்டியமும், இரண்டுமே ஹைட்ரஜனின் கனமான அண்ணன்தம்பிகள். இவை சேர்ந்தால் ஒரு ஹீலியமும் ஒரு நியூட்ரானும் கிடைக்கும், வரும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கை அந்த நியூட்ரான் தூக்கிக்கொண்டு ஓடிவிடும். இரண்டு கருவும் நேர்மின்னூட்டம் கொண்டவை என்பதால் கிட்டே வந்தாலே ஒன்றையொன்று தள்ளும், அந்தத் தள்ளலை மீறி மோதவைக்க 15 கோடி டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் வாயுவின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து அது பிளாஸ்மா ஆகிவிடும், அதை எந்தப் பாத்திரத்திலும் வைக்க முடியாது. அதனால் காந்தப்புலத்தால் ஒரு வளையத்துக்குள் பிடித்து வைக்கிறார்கள், மெதுவடை வடிவத்தில் இருக்கும் அந்தக் கருவிக்கு டோக்கமாக் என்று பெயர், சோவியத் ஒன்றியத்தில் பிறந்தது. இன்னொரு வழிதான் லிவர்மோரில் செய்த லேசர் வழி: பிடித்தே வைக்காமல், கலைந்து போவதற்குள் அமுக்கி எரித்துவிடுவது.

'செயற்கைச் சூரியன்' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. சூரியனின் மையத்தில் வெப்பம் ஒன்றரைக் கோடி டிகிரிதான், நாம் கேட்பது அதைப்போலப் பத்து மடங்கு. ஏன் என்றால் சூரியன் அவ்வளவு மெதுவாக எரிகிறது. அதன் மையத்திலேயே ஒரு கன மீட்டருக்குச் சில நூறு வாட் தான் தேறும், அதே கொள்ளளவுக்குக் கணக்குப் போட்டால் சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு அதைவிட அதிக வெப்பம் தருகிறது. சூரியன் பிரம்மாண்டமாக இருப்பதால் அதன் சோம்பேறித்தனம் நமக்குத் தெரிவதில்லை. சூரியனை அப்படியே பூமியில் நகலெடுத்தால் ஒரு டீக்கடை கூட நடத்த முடியாது. நாம் செய்ய நினைப்பது சூரியனைவிடக் கடினமான வேலை, பெயர் மட்டும்தான் அங்கிருந்து கடன் வாங்கியது.

இனி மீட்டருக்கு வருவோம். இந்தத் துறையில் எல்லாரும் பேசுவது கியூ என்ற ஒரு எண்ணைப் பற்றி. பிளாஸ்மாவிலிருந்து வந்த இணைவு ஆற்றலை, பிளாஸ்மாவுக்குள் நாம் செலுத்திய வெப்பத்தால் வகுத்தால் கிடைப்பது கியூ. ஒன்றுக்கு மேலே போனால் கொண்டாட்டம். இங்கிலாந்தில் கல்ஹாம் என்ற ஊரில் இருந்த ஜெட் என்ற டோக்கமாக் 1997இல் 24 மெகாவாட் வாங்கிக்கொண்டு 16 மெகாவாட் கொடுத்தது, கியூ 0.67. இந்த 24 மெகாவாட்டில் சேராத செலவுகள் என்னென்ன என்று பார்த்தால்தான் வேடிக்கை. காந்தங்களை ஓட்டும் மின்சாரம் சேராது. ஜெட்டின் காந்தச் சுருள்கள் செம்பு, பயங்கரமாக மின்சாரம் குடிக்கும், ஒரு தடவை இயந்திரத்தை ஓட்டத் தேவையான அளவை ஒரே நேரத்தில் பொது மின் கம்பியிலிருந்து இழுக்க முடியாது என்பதால், தலா 775 டன் எடையில் இரண்டு ராட்சதச் சக்கரங்களை வைத்திருந்தார்கள். முதலில் அவற்றை நிதானமாகச் சுழலவிட்டு, வேகம் ஏறியதும் அந்தச் சுழற்சியிலிருந்து சில விநாடிகளுக்கு மொத்தமாக மின்சாரத்தைப் பிடுங்குவார்கள். இவ்வளவும் சேர்ந்துதான் அந்த 16 மெகாவாட். கியூவில் அந்தச் சக்கரங்களுக்கு இடமில்லை.

இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். பிளாஸ்மா எவ்வளவு நன்றாக நடந்துகொள்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பும் விஞ்ஞானிக்கு அந்த மீட்டர்தான் தேவை, சக்கரத்தின் செலவு அவருக்குப் பொருட்டில்லை. அடுப்பின் திறனை அளப்பவர் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த லாரியின் டீசலைக் கணக்கில் சேர்ப்பாரா? ஆனால் அதே எண் ஆய்வகக் கட்டுரையிலிருந்து பத்திரிகைச் செய்திக்கு நகரும்போது, அங்கிருந்து அமைச்சரின் மேசைக்குப் போகும்போது, 'பிளாஸ்மாவுக்குள் செலுத்திய வெப்பம்' என்பது 'செலவான ஆற்றல்' என்று சுருங்கிவிடுகிறது. அந்த ஒரு சுருக்கத்தில்தான் மாமா மாட்டிக்கொண்டார்.

தெற்கு பிரான்ஸில் கதராஷ் என்ற இடத்தில் கட்டிக்கொண்டிருக்கும் ஈட்டர் (ITER) என்ற டோக்கமாக்குக்கும் இதே கதைதான். இந்தியா, சீனா, ரஷ்யா, அமெரிக்கா, ஜப்பான், கொரியா, ஐரோப்பிய ஒன்றியம் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை, இந்தியப் பங்காக அதன் வெளிக்கூடான 30 மீட்டர் உயர கிரையோஸ்டாட் குஜராத்தின் ஹசீராவில் செய்து போனது. 50 மெகாவாட் கொடுத்தால் 500 மெகாவாட், கியூ பத்து, இதுதான் இலக்கு. கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் அந்த 500 என்பது வெப்பம், ஈட்டரில் டர்பைனே கிடையாது, ஒரு பல்பு எரிய வைக்கும் மின்சாரம் கூட அங்கிருந்து வெளியே வராது, அப்படி வரவேண்டும் என்று அது வடிவமைக்கப்படவும் இல்லை. அந்த 50 என்பது பிளாஸ்மாவுக்குப் போவது மட்டும், மின்தடையே இல்லாத மீக்கடத்திக் காந்தங்களைக் கழித்தல் 269 டிகிரிக்குக் குளிரவைக்கும் செலவும் பம்புகளும் மற்றதும் தனி. வளாகத்தின் மின்தேவையே 110 மெகாவாட்டில் தொடங்கி உச்ச நேரத்தில் அரை நிமிடத்துக்கு 620 மெகாவாட் வரை போகும் என்று அவர்களே சொல்கிறார்கள். 500 மெகாவாட் வெப்பத்தை மின்சாரமாக மாற்றினால் 200 தேறினால் அதிகம். கட்டடத்தின் வாசலில் மீட்டரை மாட்டிப் பார்த்தால் ஈட்டர் முழுவெற்றி பெறும் நாளிலும் அது மின்சாரம் வாங்கும் வாடிக்கையாளர்தான்.

தாமதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? 1985இல் ரீகனும் கோர்பச்சேவும் ஜெனீவாவில் சந்தித்தபோது முளைத்த யோசனை, 2006இல் ஒப்பந்தம், 2016இல் முதல் பிளாஸ்மா என்றார்கள், பிறகு 2020, பிறகு 2025. 2024இல் வெளியிட்ட புது அட்டவணைப்படி ஆய்வுப் பணி தொடங்குவது 2034, டியூட்டீரியமும் ட்ரிட்டியமும் வைத்து நிஜமாக எரிப்பது 2039. ஐந்து பில்லியன் யூரோ அளவில் தொடங்கிய செலவு இருபதைத் தாண்டிப் போய்விட்டது. நடுவில் வெற்றிடக் கலனின் பாகங்கள் பற்றவைக்கும் இடத்தில் அளவு பொருந்தாமல் போனது, வெப்பக் கவசத்தின் குளிர்க்குழாய்களில் அரிப்பு விரிசல் கண்டது. ஏழு பங்காளிகள் ஆளுக்கொரு பாகத்தைத் தங்கள் ஊரில் செய்து அனுப்பும் ஏற்பாட்டில் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம், நாலு அண்ணன்தம்பிகள் சேர்ந்து ஒரு வீடு கட்டினாலே கதவும் நிலையும் பொருந்துவதில்லை.

சரி, கியூவை ஒருவழியாகத் தாண்டிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். எனக்கு அதைவிடப் பெரிய சந்தேகம் எரிபொருளில். "கடல்நீரிலிருந்து எரிபொருள், தீரவே தீராது" என்று எல்லாக் கட்டுரையிலும் எழுதுகிறார்கள். டியூட்டீரியத்துக்கு அது நூற்றுக்கு நூறு உண்மை, டியூட்டீரியம் கலந்த கனநீரை எடுக்கும் ஆலை தூத்துக்குடியிலேயே 1978இல் வந்துவிட்டது. ஆனால் ஜோடியில் இன்னொருவர் இருக்கிறாரே, ட்ரிட்டியம், அவர் கடலில் கிடைக்க மாட்டார். அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டு, அதாவது இன்று ஒரு கிலோ வாங்கிப் பூட்டிவைத்தால் பன்னிரண்டு வருடம் கழித்து அரைக் கிலோதான் இருக்கும். கனநீர் அணு உலைகளில், முக்கியமாகக் கனடாவில், துணைப்பொருளாகக் கொஞ்சம் கிடைக்கிறது, உலகத்தில் ராணுவம் சாராத கையிருப்பு மொத்தமே சுமார் 25 கிலோ. ஆயிரம் மெகாவாட் இணைவு வெப்பம் தரும் ஒரு உலை ஒரு வருடம் முழுக்க ஓடினால் 55 கிலோவுக்கு மேல் எரிக்கும். உலகக் கையிருப்பு முழுவதையும் கொட்டினாலும் ஒரே ஒரு உலை ஆறு மாதம் தாண்டாது.

இதற்கு அவர்களிடம் பதில் இருக்கிறது: உலையைச் சுற்றி லித்தியம் போர்வை போடுவது. தப்பி ஓடும் நியூட்ரான் லித்தியத்தில் மோதினால் ட்ரிட்டியம் பிறக்கும், அதைப் பிரித்தெடுத்து மறுபடி உலைக்குள் விடலாம். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான் இது. நேற்றைய தயிரில் ஒரு கரண்டி மிச்சம் வைத்தால்தான் இன்றைக்குத் தயிர், வழித்துச் சாப்பிட்டுவிட்டால் பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தோடு போகவேண்டும். இங்கே பக்கத்து வீடு கிடையாது. தயிரில் ஒரு கரண்டி ஒரு பானை ஆகும், இங்கேயோ கணக்கு ஒன்றுக்கு ஒன்று: ஒரு ட்ரிட்டியம் எரிந்தால் ஒரே ஒரு நியூட்ரான், அது தவறாமல் ஒரு ட்ரிட்டியத்தைப் பெற்றெடுக்க வேண்டும். சில நியூட்ரான்கள் எஃகில் மாட்டி வீணாகும், கருவிகளுக்காக விட்ட துளைகள் வழியாகச் சில போகும், குழாய்களில் ட்ரிட்டியம் ஊறிக்கொண்டு கொஞ்சம் திரும்பாது. இந்த நஷ்டத்தை ஈடுகட்ட பெரிலியத்தையோ ஈயத்தையோ வைத்து நியூட்ரான்களைப் பெருக்க வேண்டும். தாளில் கணக்கு மயிரிழையில் தேறுகிறது. ஆனால் எரிந்த ட்ரிட்டியத்தை முழுதாகத் தானே ஈடுகட்டிக்கொள்ளும் போர்வை ஒன்று இதுவரை உலகில் எந்த இடத்திலும் ஓடியதில்லை. செய்திகளில் கியூ வருகிற அளவுக்கு இது ஏன் வருவதே இல்லை என்பது எனக்குப் புரியாத ஒன்று.

அப்புறம் சுவர். அந்த நியூட்ரான்கள் பிளவு உலையின் நியூட்ரான்களைவிடப் பல மடங்கு ஆற்றல் கொண்டவை, உலைச் சுவரின் உலோகத்தில் அணுக்களை இடம்பெயர்த்துக்கொண்டே இருக்கும், உலோகம் வீங்கும், முறியும், கதிரியக்கமும் ஏறும், அதனால் பழுதுபார்க்க ஆள் போக முடியாது, ரோபோதான் போகவேண்டும். இந்த அடியைத் தாங்கும் பொருளைச் சோதித்துப் பார்க்கவே ஸ்பெயினில் கிரனாடா அருகே தனியாக ஒரு நிலையம் கட்டுகிறார்கள். எம்ஐடியின் இணைவு ஆய்வு மையத்திலேயே துணை இயக்குநராக இருந்த லாரன்ஸ் லிட்ஸ்கி 1983இல் இதையெல்லாம் எழுதினார். இணைவு சாத்தியமே இல்லை என்று அவர் சொல்லவில்லை. வெற்றி பெற்றாலும் இவ்வளவு சிக்கலான, விலை அதிகமான, அடிக்கடி நிறுத்திப் பழுதுபார்க்க வேண்டிய இயந்திரத்தை எந்த மின் நிறுவனம் வாங்கும் என்பதுதான் அவர் கேள்வி. துறைக்குள் இருந்துகொண்டு கேட்டதற்கு விலையும் கொடுத்தார், அந்தப் பொறுப்பு அவரிடம் நீடிக்கவில்லை.

இதுவரை படித்துவிட்டு மொத்தமும் பித்தலாட்டம் என்று முடிவு கட்டினால் அதுவும் தப்பு. வாக்குறுதிகள் பொய்த்த வரலாறு நீளமானது, ஒத்துக்கொள்கிறேன். 1955இல் ஜெனீவாவில் ஐநா அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய நம் ஹோமி பாபா, இருபது ஆண்டுக்குள் இணைவாற்றலைக் கட்டுப்படுத்தி எடுக்கும் வழி கிடைத்துவிடும் என்றார். 1958 ஜனவரியில் பிரிட்டன் தன் ஜீட்டா கருவியில் இணைவு நடந்துவிட்டதாக அறிவித்தது, அந்தக் கருவி இருந்த ஹார்வெல் ஆய்வு நிலையத்தின் தலைவர் ஜான் காக்கிராஃப்ட் தொண்ணூறு சதவீதம் உறுதி என்றார், பத்திரிகைகள் குதித்தன, மே மாதத்திலேயே வாபஸ். நியூட்ரான்கள் வந்தது நிஜம், ஆனால் அவை சூட்டினால் வந்தவை அல்ல.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அடர்த்தி, வெப்பம், பிடித்துவைக்கும் நேரம் மூன்றையும் பெருக்கி வரும் எண்ணைத்தான் இந்தத் துறையின் உண்மையான மதிப்பெண்ணாக வைத்திருக்கிறார்கள், அது அறுபதுகளிலிருந்து தொண்ணூறுகளுக்குள் பல ஆயிரம் மடங்கு ஏறியது. ஜெட் தன் கடைசிச் சோதனைகளில், 2023 அக்டோபரில், வெறும் 0.2 மில்லிகிராம் எரிபொருளில் 69 மெகாஜூல் எடுத்தது, நம் கணக்கில் 19 யூனிட். லிவர்மோரும் 2025 ஏப்ரலில் 8.6 மெகாஜூல் வரை போய்விட்டது. அங்கேயும் கட்டட வாசல் மீட்டர் இன்னும் 300 மெகாஜூலில்தான் நிற்கிறது, ஆனால் அந்த லேசர்கள் பழைய தலைமுறை, அணு ஆயுதக் கையிருப்பைப் பராமரிக்கும் ஆராய்ச்சிக்காகக் கட்டியவை, மின்சிக்கனம் யாருடைய கவலையாகவும் இருந்ததில்லை. நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்: லேசரின் திறன் பத்து சதவீதம், வெப்பத்திலிருந்து மின்சாரம் நாற்பது சதவீதம் என்று வைத்தால், போட்டது போட்டபடி திரும்பவே 25 மடங்கு லாபம் வேண்டும். இப்போது நாலு மடங்கில் இருக்கிறார்கள். அதோடு மின்நிலையமாக ஓட வேண்டுமானால் ஒரு விநாடிக்குப் பத்து உருண்டை அளவில் எரிக்க வேண்டும், இப்போது வருடத்துக்கே சில நூறு முறைதான். எட்டவே முடியாத தூரமா என்றால் தெரியாது என்பேன், பக்கத்தில் என்று சொன்னால் சிரிப்பேன்.

பணம் கொடுக்கவில்லை, அதனால்தான் வரவில்லை என்றும் ஒரு வாதம் உண்டு. 1976இல் அமெரிக்க அரசே ஒரு திட்டம் போட்டது, எவ்வளவு பணம் தந்தால் எந்த ஆண்டில் உலை வரும் என்று பல கோடுகள் வரைந்தார்கள், அடியில் இருந்த கோட்டுக்கு அர்த்தம் 'இந்த அளவில் தந்தால் ஒருபோதும் வராது'. பின்னால் உண்மையில் கிடைத்த பணம் பெரும்பாலும் அதற்கும் கீழே. பாதி நியாயம். மீதிப் பாதிக்கு ஈட்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே குறைந்தது பணம் இல்லை.

எனக்குப் பிடித்த சந்தேகக் கதை 1968இல் தொடங்குகிறது. நோவோசிபிர்ஸ்க் மாநாட்டில் சோவியத் விஞ்ஞானி லெவ் அர்ட்சிமோவிச், தங்கள் டி-3 டோக்கமாக்கில் ஒரு கோடி டிகிரியைத் தொட்டுவிட்டோம் என்றார். மேற்கத்திய விஞ்ஞானிகள் நம்பவில்லை, ஜீட்டாவில் பட்ட சூடு ஆறவில்லை, தெர்மாமீட்டர் முறையே சரியில்லை என்றார்கள். அர்ட்சிமோவிச் கோபித்துக்கொள்ளவில்லை, உங்கள் கருவியை எடுத்துக்கொண்டு வந்து நீங்களே அளந்து பாருங்கள் என்றார். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் அது. 1969இல் கல்ஹாமிலிருந்து ஒரு பிரிட்டிஷ் குழு டன் கணக்கில் லேசர் சாமான்களோடு மாஸ்கோ குர்ச்சாத்தோவ் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது, மாதக் கணக்கில் தங்கி அளந்தது. ரஷ்யர்கள் சொன்னது சரியாக இருந்தது. அடுத்த வருடமே அமெரிக்காவின் பிரின்ஸ்டன், தன் சொந்த வடிவக் கருவியை டோக்கமாக்காக மாற்றிக்கொண்டது.

அளப்பவன் வேறு ஆளாக இருக்கவேண்டும், மீட்டரும் அவனுடையதாக இருக்கவேண்டும். அந்த வகையில் இப்போது எனக்கு ஆர்வம் தருவது ஹீலியன் என்ற அமெரிக்கத் தனியார் நிறுவனம், அவர்களை நம்புவதால் அல்ல. 2028இல் மின்சாரம் தரத் தொடங்கி 50 மெகாவாட்டுக்கு ஏற்றுவோம் என்று 2023இல் மைக்ரோசாஃப்ட்டோடு விற்பனை ஒப்பந்தமே போட்டுவிட்டார்கள், தராவிட்டால் அபராதம். எரிபொருள் ஜோடியும் வேறு, டர்பைன் இல்லாமல் நேரடியாக மின்சாரம் எடுப்பதாகவும் சொல்கிறார்கள். எனக்குக் கேட்டால் 2028 நடக்காது என்றுதான் பந்தயம் கட்டுவேன். ஆனால் முதல்முறையாக மீட்டர் உருண்டையின் வாசலிலும் இல்லை, பிளாஸ்மாவின் வாசலிலும் இல்லை, காசு கொடுத்து வாங்குபவனின் கம்பியில் இருக்கிறது. அங்கே பூஜ்யம் என்றால் பூஜ்யம்தான்.

மாமாவுக்கு அன்று இவ்வளவும் எழுதவில்லை. 83 யூனிட் போட்டு 0.9 யூனிட் எடுத்த கணக்கை மட்டும் அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு படம் வந்தது, கடையில் ஒரு புது பேட்டரிக்குப் பக்கத்தில் மாமா நின்றுகொண்டிருந்தார். கூடவே "இதுக்கு எத்தனை வருஷம் வாரண்டின்னு கேட்டேன், அஞ்சு வருஷமாம். அதுக்குள்ள சூரியன் வந்துருமா?" என்று ஒரு கேள்வி.

வராது மாமா, வாங்குங்க என்று எழுதினேன்.